கேள்வி – பதில்: எக்ஸ்கவேட்டரின் ஸ்விங் தேய்மானம்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி எக்ஸ்கவேட்டரின் ஸ்விங் அமைப்பை, அதாவது மண் தோண்டும் அந்த இயந்திரத்தின் மேல்கட்டைச் (ஆப்பரேட்டர் அறையும் எஞ்சினும் பூம் என்னும் பெரிய கையும் உள்ள பகுதி) சுழற்றும் அமைப்பைப் பற்றியவை என்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். பதில்களுக்குள் போகுமுன் அந்த அமைப்பை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. பம்பிலிருந்து வரும் எண்ணெய் கன்ட்ரோல் வால்வு வழியாக ஸ்விங் மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டாரின் அடியில் உள்ள கியர்பாக்ஸ், பெரும்பாலும் இரண்டு அடுக்குப் பிளானட்டரி பற்சக்கரங்களின் மூலம், வேகத்தைக் குறைத்துத் திருப்புவிசையைக் கூட்டுகிறது. ஒவ்வோர் அடுக்கிலும் நடுவே உள்ள சன் கியரைச் சுற்றி, வெளியே உள்ள ரிங் கியருக்குள், கேரியர் என்னும் சட்டம் தாங்கும் பிளானட் சக்கரங்கள் ஓடுகின்றன. கியர்பாக்ஸின் கீழே நீண்டிருக்கும் பினியன் என்னும் சிறு பற்சக்கரம், ஸ்விங் பேரிங்கின் அடிச்சட்டத்தோடு பிணைக்கப்பட்ட உள்வளையத்தின் பற்களில் கடித்து நகர்வதால் மேல்கட்டு முழுவதும் சுழல்கிறது. ஸ்பிரிங் விசையால் பிடித்து, எண்ணெய் அழுத்தத்தால் விடும் டிஸ்க் பிரேக் ஒன்று பெரும்பாலான இயந்திரங்களில் மோட்டாருக்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: என்னுடைய 20 டன் இயந்திரம் காலையில் நன்றாகச் சுழல்கிறது. எண்ணெய் சூடேறியபின் இரு பக்கமும் மந்தமாகிவிடுகிறது. ஸ்விங் மோட்டார் தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: மோட்டார் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் இந்த ஓர் அறிகுறியை மட்டும் வைத்து அதை மாற்றுவது சரியன்று. சூடேறியபின் வரும் மந்தம், மெலிந்த எண்ணெய் எங்கோ உள்ளுக்குள் கசிகிறது என்பதைத்தான் தெரிவிக்கிறது. எங்கே கசிகிறது என்பதைத் தெரிவிப்பதில்லை. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த பரப்புகளின் இடைவெளியில் எளிதில் நழுவாது; சூடானதும் அதே இடைவெளி அதற்குத் திறந்த வழியாகிவிடும். இது பம்பிலும், கன்ட்ரோல் வால்விலும், அழுத்தம் எல்லை மீறினால் திறந்து எண்ணெயை விடும் ரிலீஃப் வால்விலும், மோட்டாரிலும் ஒரேவிதமாக நடக்கக்கூடியது.

எனவே கருவி எதையும் கையில் எடுப்பதற்கு முன் மற்ற இயக்கங்களைப் பாருங்கள். இரண்டு முதன்மைப் பம்புகள் உள்ள பல இயந்திரங்களில், ஸ்விங்குக்கு எண்ணெய் தரும் பம்பே ஒரு பக்க டிராக்கை ஓட்டும் டிராவல் மோட்டாருக்கும் தருகிறது. எது எதனோடு பங்கிடுகிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் சர்க்யூட் படத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஸ்விங் மந்தமான அதே வேளையில், நேராக ஓட்டும்போது இயந்திரம் ஒரு பக்கமாக இழுக்கிறது என்றால் சந்தேகம் பம்பின் மேல் விழ வேண்டும். மற்ற எல்லா இயக்கங்களும் சுறுசுறுப்பாக இருந்து ஸ்விங் மட்டும் தளர்கிறது என்றால்தான் ஸ்விங் பக்கம் திரும்ப வேண்டும்.

அடுத்து, லிவரை முழுவதும் தள்ளியபோது ஸ்விங் ஸ்பூலுக்கு (கன்ட்ரோல் வால்வுக்குள் நகர்ந்து எண்ணெய்க்கு வழிவிடும் தண்டு) வரும் பைலட் அழுத்தத்தை, அதாவது அந்தத் தண்டை நகர்த்தும் எண்ணெயின் அழுத்தத்தை, அளந்து பாருங்கள். அது குறைவாக இருந்தால் ஸ்பூல் பாதிதான் திறக்கும். மோட்டார் புத்தம்புதியதாக இருந்தாலும் மெதுவாகத்தான் சுழலும். பைலட் அழுத்தம் சரியாக இருந்தால், மோட்டாருக்குச் செல்லும் முதன்மை எண்ணெயின் அழுத்தத்தை இரண்டு நிலைகளில் அளக்க வேண்டும்: ஒன்று, சமதளத்தில் தடையின்றிச் சீராகச் சுழலும்போது, மற்றொன்று, மேல்கட்டைச் சுழலவிடாமல் நிறுத்தி லிவரை முழுவதும் தள்ளி, ரிலீஃப் வால்வு திறக்கும்போது. இந்த இரண்டு எண்களும் சேர்ந்து சொல்லும் செய்தியை வேறு எந்தச் சோதனையும் இவ்வளவு மலிவாகத் தராது. சீராகச் சுழலும்போது அழுத்தம் வழக்கத்தைவிட அதிகமாகவும் வேகம் குறைவாகவும் இருந்தால் எண்ணெய் போதுமான அளவு வருகிறது, ஏதோ ஒன்று சுழற்சியைத் தடுக்கிறது என்று பொருள். பிரேக் முழுவதும் விடாமல் உரசுவது, கியர்பாக்ஸில் பேரிங் இறுகுவது, ஸ்விங் பேரிங் கிரீஸின்றிக் காய்ந்துகிடப்பது ஆகியவை இதில் அடங்கும். அழுத்தமும் குறைவு, வேகமும் குறைவு என்றால் எண்ணெய் வந்து சேரவில்லை, அல்லது வந்த எண்ணெய் வேலை செய்யாமலே நழுவிப்போகிறது.

நழுவுவது மோட்டாருக்குள்ளேதானா என்பதைக் கேஸ் டிரெயின் சோதனை காட்டிக்கொடுக்கும். பிஸ்டன்கள், சிலிண்டர் பிளாக், வால்வு பிளேட் ஆகியவற்றின் இடுக்குகளில் கசியும் எண்ணெய் மோட்டாரின் உடற்கூட்டில் சேர்ந்து, டிரெயின் குழாய் வழியாக டேங்குக்குத் திரும்புகிறது. அந்தக் குழாயை டேங்க் பக்கத்தில் கழற்றி, டேங்கின் வாயை அடைத்துவிட்டு, குழாயின் நுனியை அளவுக்கலத்தில் விட்டு, இயந்திரத்தின் கையேடு கேட்கும் வெப்பநிலையில், பொதுவாக 45 முதல் 55 டிகிரி செல்சியஸில், எண்ணெய் இருக்கும்போது, மேல்கட்டைச் சுழலவிடாமல் நிறுத்தி லிவரை முழுவதும் தள்ளி, கையேடு குறிப்பிடும் நேரத்துக்கு அளக்க வேண்டும். சிலிண்டர் பிளாக் எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதைப் பொறுத்துக் கசிவு மாறும் என்பதால், மேல்கட்டைச் சிறிது சிறிதாக நகர்த்தி இரண்டு மூன்று நிலைகளில் அளப்பது அவசியம். மோட்டார் பக்கத்து டிரெயின் வாயை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைத்துவிடாதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறி ஷாஃப்ட் சீல் அப்போதே கிழிந்துவிடும்.

இந்தச் சோதனையில் கசிவு கையேட்டின் எல்லையைத் தாண்டினால், உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. தாண்டவில்லை என்றால், மோட்டாரைத் தொடாமல் ரிலீஃப் வால்வுகளையும் ஸ்பூலையும் பாருங்கள். ஒரு மோட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் இந்த அரைநாள் வேலை மிகச் சிறியது.

கேள்வி: இடப்பக்கம் நன்றாகச் சுழல்கிறது, வலப்பக்கம் மட்டும் வலுவே இல்லை. இதற்கும் மோட்டார்தான் காரணமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. இரு திசைக்கும் அதே பிஸ்டன்கள், அதே சிலிண்டர் பிளாக், அதே கியர்பாக்ஸ்தான் வேலை செய்கின்றன என்பதால், ஒரு திசையில் மட்டும் வரும் குறைக்கு அந்தத் திசைக்கென்று தனியாக உள்ள பாகத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மோட்டாரின் இரு வாய்களுக்கும் தனித்தனி ரிலீஃப் வால்வுகள் உண்டு. அவற்றை இடம் மாற்றிப் பொருத்திப் பாருங்கள். குறை இடப்பக்கத்துக்குத் தாவினால் அந்த வால்வுதான் குற்றவாளி. அதன் இருக்கையில் ஒரு சிறு உலோகத்துகள் சிக்கியிருந்தாலே இவ்வளவும் நடக்கும். அதன் அருகிலேயே உள்ள மேக்கப் செக் வால்வு (மோட்டாரில் எண்ணெய் குறையும் பக்கத்தை நிரப்பும் ஒருவழி வால்வு) சரியாக உட்காராமல் இருந்தாலும் இதே அறிகுறி வரும்.

வால்வுகளை மாற்றியும் குறை நகரவில்லை என்றால், கன்ட்ரோல் வால்வின் ஸ்விங் ஸ்பூலுக்குச் செல்லும் இரண்டு பைலட் குழாய்களை இடம் மாற்றிப் போடலாம். இப்போது லிவரை இடப்பக்கம் தள்ளினால் இயந்திரம் வலப்பக்கம் சுழலும். ஆகையால் சுற்றிலும் யாரும் நிற்காதபடி பார்த்துக்கொண்டு, இதைச் செய்திருப்பதை ஆப்பரேட்டருக்குச் சொல்லிவிட்டு, மெதுவாக இயக்க வேண்டும். இயந்திரம் வலப்பக்கம் சுழலும்போதே இன்னமும் வலுவிழக்கிறது என்றால் குறை ஸ்பூலிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. இடப்பக்கம் சுழலும்போது வலுவிழக்கிறது என்றால் குறை லிவரின் பைலட் வால்விலோ அதன் குழாயிலோ இருக்கிறது. சோதனை முடிந்ததும் குழாய்களை மறவாமல் பழையபடி மாற்றிவிடுங்கள்.

கேள்வி: சரிவில் நின்று வேலை செய்யும்போது லிவரை விட்டபின்னும் மேல்கட்டு சரிவை நோக்கி நகர்கிறது. பிரேக் டிஸ்க்குகளை மாற்றினால் போதுமா?

பதில்: எப்போது நகர்கிறது என்பதைப் பொறுத்தே பதில் அமையும். லிவரை நடுநிலைக்குக் கொண்டுவந்ததும் உடனே பிடிப்பது டிஸ்க் பிரேக் அன்று. ஸ்பூல் மூடிக்கொள்வதால் மோட்டாரின் இரு வாய்களிலும் எண்ணெய் அடைபட்டு, ரிலீஃப் வால்வுகள் வழியாக அதிர்வின்றி மேல்கட்டு நிற்கிறது. அதற்குச் சில விநாடிகள் கழித்துத்தான், பிரேக்கை விடுவித்துவைத்திருந்த அழுத்தம் மெல்ல வடிந்து, ஸ்பிரிங்குகள் டிஸ்க்குகளை அழுத்திப் பிடிக்கின்றன. டிஸ்க் பிரேக்கின் வேலை நின்றதை நிலைநிறுத்துவது. ஓடுவதை நிறுத்துவது அதன் வேலையன்று.

இதை மனத்தில் வைத்து நகர்வைக் கவனியுங்கள். லிவரை விட்டதும் சிறிது நகர்ந்து, சில விநாடிகளில் கட்டென்று நின்றுவிட்டால் பிரேக் நன்றாக இருக்கிறது. அதற்கு முந்தைய நேரத்தில்தான் மோட்டாரோ ரிலீஃப் வால்வோ கசிகிறது. பிஸ்டன் மோட்டார் எதிலும் ஓரளவு உள்கசிவு இருக்கவே செய்யும் என்பதால் இந்த நகர்வு முற்றிலும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எவ்வளவு வரை அனுமதி என்பதைக் கையேடு சொல்லும். மாறாக, நேரம் கடந்தும் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருந்தால் பிரேக் பிடிக்கவில்லை. அதிலும் உடனே டிஸ்க் தேய்மானம் என்று முடிவுகட்டாமல், பிரேக்கை விடுவிக்கும் குழாயில் அழுத்தம் முழுவதும் வடிகிறதா என்று முதலில் பாருங்கள். அந்தக் குழாயில் அழுத்தம் தேங்கி நின்றால் டிஸ்க்குகள் புதியவையாக இருந்தாலும் பிடிக்காது. பலர் பிரேக்கைப் பிரித்துக் கோத்த பிறகும் குறை தீராமல் திகைப்பதற்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு.

சோதிப்பதற்கு, கையேடு அனுமதிக்கும் சரிவில் மேல்கட்டைக் குறுக்காக நிறுத்தி, மேல்கட்டோடு சேர்ந்து சுழலும் ஸ்விங் பேரிங் வெளிவளையத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் சேர்த்துச் சுண்ணக்கட்டியால் ஒரே கோடாகக் குறியிட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டுக் கோடு விலகுகிறதா என்று பாருங்கள். சுழலும் எல்லைக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது. பிரேக்கைப் பிரிக்கும் நிலை வந்தால், டிஸ்க்குகளின் தடிமனோடு ஸ்பிரிங்குகளின் உயரத்தையும் அளந்து, பிஸ்டனின் சீல்களைப் புதிதாகப் போட்டு, புதிய உராய்வு டிஸ்க்குகளை ஹைட்ராலிக் எண்ணெயில் நன்றாக ஊறவைத்தபின் கோக்க வேண்டும்.

கேள்வி: ஒவ்வொரு முறை சுழலத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் "டக்" என்று அடிக்கிறது. பக்கெட் நுனியில் கையால் அசைத்தாலே ஆட்டம் தெரிகிறது. கியர்பாக்ஸ் போய்விட்டதா?

பதில்: பக்கெட் நுனியில் தெரியும் ஆட்டத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். பேரிங்கின் பற்கள் சுழற்சி மையத்திலிருந்து 60 செ.மீ. தொலைவில் இருப்பதாகவும், பக்கெட் நுனி 9 மீட்டர் தொலைவில் இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், பற்களில் இருக்கும் 1 மி.மீ. இடைவெளி நுனியில் 15 மி.மீ. ஆட்டமாகத் தெரியும். பற்களுக்கிடையே ஓரளவு இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அதுவுமன்றிப் பக்கெட் பின், ஆர்ம் பின், பூம் அடிப்பின் ஆகியவற்றின் தேய்மானமும் அந்த ஆட்டத்தில் கலந்திருக்கிறது. எனவே அளவை நுனியில் எடுக்காமல் பினியனிடம் எடுக்க வேண்டும்.

அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். பக்கெட்டைத் தரையிலிருந்து சற்றே உயர்த்தி நிறுத்தியிருக்க, ஒருவர் அதைப் பக்கவாட்டில் முன்னும் பின்னும் தள்ள, மற்றொருவர் பினியனின் சோதனை மூடியைத் திறந்து டார்ச் ஒளியில் பார்க்க வேண்டும். விரல் உள்ளே போகக் கூடாது. பிரேக் மோட்டார் ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். பினியன் அசையாமல் இருக்க, பேரிங்கின் பற்கள் மட்டும் அதன் பற்களுக்கிடையே முன்பின் போய்வந்தால் ஆட்டம் பற்களில் இருக்கிறது. பினியனே சேர்ந்து திரும்பினால் ஆட்டம் கியர்பாக்ஸுக்குள் இருக்கிறது. பினியன் திரும்பாமல் பக்கவாட்டில் சாய்ந்தாடினால் அதன் ஷாஃப்ட் பேரிங் தளர்ந்திருக்கிறது. கியர்பாக்ஸின் கூடே சட்டத்தின் மேல் நழுவுகிறது என்றால், நல்வாய்ப்பாக, போல்ட்டுகள்தான் தளர்ந்திருக்கின்றன. ஆனால் அதைக் கவனிக்காமல் ஓட்டினால் இருக்கைத் துளைகளும், இடம் பிசகாமல் பொருத்தும் டவல் பின்களும் சிதைந்துவிடும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். மோட்டாரை ஒட்டிய முதல் அடுக்கில் உள்ள ஆட்டம், பற்சக்கர விகிதத்தால் வகுபட்டுத்தான் பினியனுக்கு வந்து சேரும். ஆகவே பினியனில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டத்தின் பெரும்பகுதி கடைசி அடுக்கில், அதாவது இரண்டாம் அடுக்குப் பிளானட் பின்களிலும் கேரியரைப் பினியன் ஷாஃப்ட்டோடு இணைக்கும் ஸ்பிலைன் என்னும் நீளவாட்டுப் பற்களிலும் இருந்தே வருகிறது. பிரிக்கும்போது அங்கே முதலில் பாருங்கள்.

கேள்வி: ஸ்விங் கியர்பாக்ஸில் ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போகிறது. வடித்துப் பார்த்ததில் மினுமினுப்பாகத் துகள்களும் வந்தன. இது என்ன?

பதில்: மோட்டாரின் ஷாஃப்ட் சீல் கசிந்து, ஹைட்ராலிக் எண்ணெய் கியர் ஆயிலோடு கலக்கிறது. மெலிந்துபோன கலவை பற்களின் மேல் படலமாக நிற்காது என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. சீலை மாற்றுவது எளிது. அது ஏன் போனது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியம். டிரெயின் குழாய் நசுங்கியோ அடைபட்டோ இருந்து மோட்டாருக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம்; ஷாஃப்ட்டின் பேரிங் தேய்ந்து அது சுற்றிச் சுற்றி உதறியிருக்கலாம்; சீல் உதடு உட்காரும் இடத்தில் ஷாஃப்ட்டே பள்ளம் விழுந்திருக்கலாம். இவற்றைப் பாராமல் போட்ட சீல் மீண்டும் போகும்.

ஆயில் அளவு குறைகிறது என்று எழுதியிருந்த மற்றொரு வாசகருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அது பெரும்பாலும் பினியன் ஷாஃப்ட்டின் சீல் வழியாகக் கீழே உள்ள கிரீஸ் தொட்டிக்குள் இறங்குகிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது. சோதனை மூடியைத் திறந்து பார்த்தால், பற்களில் ஒட்டி நிற்க வேண்டிய கிரீஸ் கூழாக இளகி வழிந்துகொண்டிருக்கும். அந்தக் கிரீஸ் வெளுத்துப் பால்போல் இருந்தால் நீர் புகுந்திருக்கிறது. முழுவதையும் அள்ளி எடுத்துத் துடைத்துப் புதிது நிரப்ப வேண்டும்.

துகள்களைப் பொறுத்தவரை, அவற்றை வெள்ளைத்துணியில் பரப்பிக் காந்தம் கொண்டு பிரித்துப் பாருங்கள். காந்த பிளக்கில் படிந்திருக்கும் சாம்பல்நிறச் சேறு, விரல்களுக்கிடையே தேய்த்தால் மணலாக உறுத்தாமல் மையாக இழைந்தால், வழக்கமான தேய்மானமே. நகக்கீற்றுப்போல் தட்டையான, ஒருபக்கம் பளபளக்கும் செதில்கள் என்றால் பல்லின் பரப்போ பேரிங்கின் ஓடுபாதையோ உரியத் தொடங்கிவிட்டது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள்நிறத் துகள்கள் பிளானட் சக்கரங்களின் பக்கவாட்டு உரசலைத் தாங்கும் திரஸ்ட் வாஷரிலிருந்து வந்திருக்கக்கூடும். மோட்டாருக்குள்ளும் பித்தளை வகை உலோகப் பாகங்கள் உண்டு என்பதால், உங்கள் இயந்திரத்தில் சீல் கசிகிற நிலையில் அங்கிருந்தும் வந்திருக்கலாம். ஹைட்ராலிக் ரிட்டர்ன் ஃபில்டரை வெட்டிப் பார்த்து, அதன் மடிப்புகளிலும் அதே மஞ்சள் துகள்கள் இருந்தால் மோட்டாரைப் பிரித்தே ஆக வேண்டும்.

கேள்வி: சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். ஸ்விங் கியர்பாக்ஸை முதன்முறையாகப் பிரிக்கப்போகிறேன். எதையெதைச் சேர்த்து மாற்ற வேண்டும், எதில் கவனம் வேண்டும்?

பதில்: பிரிப்பதற்கு முன்பே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மோட்டாரையோ கியர்பாக்ஸையோ கழற்றிய மறுகணம் மேல்கட்டுக்குப் பிரேக் என்று எதுவும் இல்லை. இயந்திரத்தைச் சமமான உறுதியான தரையில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் நன்றாக ஊன்றி, ஸ்விங் லாக் பின் இருந்தால் அதையும் போட்டபிறகே முதல் போல்ட்டைத் தொட வேண்டும். எஞ்சினை நிறுத்தியபின் லிவர்களை எல்லாத் திசைகளிலும் அசைத்து, தேங்கிய அழுத்தத்தை வடித்து, டேங்கின் காற்றழுத்தத்தையும் விடுவிக்க வேண்டும். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசித்துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் அது உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம். ஓர் அட்டையைக் காட்டித் தேடுங்கள்.

20 டன் வகுப்பு இயந்திரத்தில் மோட்டாரும் கியர்பாக்ஸும் சேர்ந்து 200 கிலோவை ஒட்டி இருப்பது இயல்பு என்பதால், செயின் பிளாக்கும் கட்டும் பெல்ட்டும் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். கழற்றும் ஒவ்வொரு குழாய்க்கும் அடையாளம் இட்டு, திறந்த வாய்களை உடனுக்குடன் சுத்தமான மூடியால் அடையுங்கள். கந்தல்துணியைத் திணிப்பது வேண்டாம். அதன் நூலிழை ஒன்று ரிலீஃப் வால்வின் இருக்கையில் சிக்கினால் நீங்களே ஒரு புதுக் குறையை உண்டாக்கியவர் ஆவீர்கள். மோட்டார், அடுக்குகள், கூடு ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தும் இடங்களில் பக்கவாட்டில் ஒரு கோடு இழுத்துவையுங்கள்.

பிளானட் சக்கரங்களை ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் தனியாக மாற்றாதீர்கள். ஒரே கேரியரில் உள்ள சக்கரங்கள் சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டு ஓடுகின்றன; ஒன்று புதியதாகவும் மற்றவை தேய்ந்தும் இருந்தால் புதிய பல்லின் மேல் சுமை கூடி அது முதலில் உடையும். அவற்றோடு கடித்து ஓடும் சன் கியரையும், ஊசி பேரிங்குகளையும், திரஸ்ட் வாஷர்களையும் சேர்த்து மாற்றுவதே முறை. பின்னைப் பொறுத்தவரை, பேரிங் ஓடிய இடத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் தட்டினால் அந்தப் பின் முடிந்தது. பின்னைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பின்னை ஒருமுறை தட்டி எடுத்தபின் மறுமுறை போடக் கூடாது. அது நழுவி வெளியே வந்தால் ரிங் கியரில் சிக்கிக் கூட்டையே பிளந்துவிடும். ரிங் கியர் கூட்டோடு சேர்ந்தே வருவதால் விலை அதிகம். பற்களில் சிறு புள்ளிக்குழிகள் மட்டும் இருந்தால் கையேட்டின் எல்லையை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம், ஆனால் பல்லின் அடியில் மயிரிழை விரிசல் தெரிந்தால் தயங்காமல் மாற்ற வேண்டும்.

பினியன் ஷாஃப்ட்டின் பேரிங்குகளை மாற்றும்போது, ஷிம் என்னும் மெல்லிய தகடு கொண்டு இறுக்கத்தைச் சரிசெய்யும் அமைப்பாக இருந்தால் பழைய ஷிம்மையே நம்பிப் போடாமல் மறுபடி அளந்து போட வேண்டும். இந்தப் படியைத் தாண்டிச் சென்ற கியர்பாக்ஸ்கள்தான் சில மாதங்களில் மறுபடி பட்டறைக்கு வருகின்றன. மோட்டாரையும் பிரித்தால், பிஸ்டன்களின் நுனியில் உள்ள ஷூவைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அச்சுவாக்கில் அது "கடக்" என்று ஆடினால் தேய்ந்திருக்கிறது. பிஸ்டன்களை ஒரு தொகுதியாகவும், சிலிண்டர் பிளாக்கையும் வால்வு பிளேட்டையும் ஒரு ஜோடியாகவும் மாற்ற வேண்டும். அந்தப் பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலத்தால் மட்டுமே பிரிந்து ஓடுபவை; புதியதும் பழையதும் கலந்தால் அந்தப் படலம் நிலைக்காது.

பாகங்களை வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே மாடலில் வெவ்வேறு தயாரிப்பு மோட்டார்கள் பொருத்தப்பட்டு வருவதுண்டு. இயந்திரத்தின் வரிசை எண்ணையும் மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள எண்ணையும் கொடுத்து, வந்த பாகத்தின் பற்களையும் ஸ்பிலைன்களையும் பழையதோடு எண்ணிப் பார்த்தபிறகு கோக்கத் தொடங்குங்கள்.

கோத்து முடித்ததும், கியர்பாக்ஸில் குறிப்பிட்ட ஆயிலை நிரப்பி, மோட்டாரின் உடற்கூட்டிலும் டிரெயின் வாய் வழியாகச் சுத்தமான ஹைட்ராலிக் எண்ணெய் நிரப்ப வேண்டும். இதை மறந்து எஞ்சினை இயக்கினால் புதிய பிஸ்டன்கள் முதல் சில சுற்றுகளை வறண்டே ஓடும். பிறகு குறைந்த வேகத்தில், லிவரைச் சிறிதளவே தள்ளி, இரு திசைகளிலும் மெல்லச் சுழற்றிக் காற்றை வெளியேற்றுங்கள்.

கேள்வி: பினியனின் பற்கள் கூராகத் தேய்ந்துவிட்டன. பினியனை மட்டும் மாற்றினால் போதுமா, ஸ்விங் பேரிங்கையும் மாற்ற வேண்டுமா?

பதில்: பேரிங்கின் பற்களைச் சுற்று முழுவதும் பார்த்தபிறகே சொல்ல முடியும். எப்போதும் ஒரே பக்கத்தில் வண்டியை நிறுத்தி மண் ஏற்றும் இயந்திரத்தில், அந்தக் கோணத்தில் உள்ள பற்கள் மட்டும் மற்றவற்றைவிட அதிகம் தேய்ந்திருக்கும். தேய்ந்த பற்களின் மேல் புதிய பினியன் ஓடினால், அவற்றின் வடிவத்துக்கே அதுவும் விரைவில் தேயும். தேய்மானம் எல்லைக்குள் இருந்தால் பினியனை மட்டும் மாற்றலாம். பல் நுனி கத்திமுனைபோல் ஆகியிருந்தாலோ, பல் உடைந்திருந்தாலோ பேரிங்கையும் மாற்றுவதே சரி.

பேரிங்கின் ஓடுபாதை எப்படி இருக்கிறது என்பதை டயல் கேஜ் சொல்லும். அதன் காந்த அடியை டிராக் சட்டத்தில் பொருத்தி, முனையை மேல்கட்டின் அடிப்பரப்பில் முன்பக்கம் படவைத்து, ஆர்மை நீட்டி, பக்கெட்டைத் தரையிலிருந்து சற்றே உயர்த்திய நிலையில் எண்ணைச் சுழியாக்கிக்கொள்ளுங்கள். பிறகு பக்கெட்டால் தரையை அழுத்தி, டிராக்கின் முன்பகுதி சற்றே எழும்பும் வரை உயர்த்துங்கள். கேஜ் காட்டும் வேறுபாடே பேரிங்கின் ஆட்டம். இதைப் புதிதாக இருக்கும்போதே அளந்து எழுதிவைத்து, ஆண்டுதோறும் ஒப்பிடுகிறவர்கள் வெகுசிலர். ஆனால் ஒற்றை அளவைவிட அது ஏறிவரும் வேகமே அதிகம் சொல்லும். அளக்கும் முன் பேரிங்கின் போல்ட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். தளர்ந்த போல்ட்டும் கேஜில் ஆட்டமாகவே தெரியும்.

பேரிங்கை மாற்றும் நிலை வந்தால், மேல்கட்டு முழுவதையும் தூக்க வேண்டும் என்பதால் அதற்குரிய கிரேனும் அனுபவமும் உள்ளவர்களிடமே ஒப்படையுங்கள். அப்போது நீங்கள் கேட்டுப் பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. ஓடுபாதையைச் சூடாக்கிக் கடினப்படுத்தும்போது, தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சந்திக்கும் சிறு பகுதி மென்மையாகவே விடப்படும். வளையத்தில் அதற்கு "எஸ்" என்ற குறி இருக்கும். அந்தப் பகுதி பூமின் நேராகவோ எடைக்கல்லின் நேராகவோ வராமல், சுமை குறைந்த பக்கவாட்டில், கையேடு காட்டும் இடத்தில் வர வேண்டும். போல்ட்டுகள் உயர்வலிமை வகையாகவும் புதியவையாகவும் இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரெதிராக, இரண்டு மூன்று கட்டங்களில், டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும்.

கேள்வி: ஸ்விங் பாகங்கள் சீக்கிரம் தேயாமல் இருக்க ஆப்பரேட்டராக நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: பக்கெட்டின் பக்கவாட்டால் மண்ணைத் தள்ளுவதையும், சுவரையோ கல்லையோ சுழற்றி இடிப்பதையும் விட்டுவிடுங்கள். அந்த அடியின் விசை முழுவதும் பினியனின் ஒன்றிரண்டு பற்களின் மேல்தான் இறங்குகிறது. முழு வேகத்தில் சுழலும்போதே எதிர்த்திசைக்கு லிவரைத் தள்ளாமல், நிற்கவேண்டிய இடத்துக்குச் சற்று முன்பே லிவரைத் தளர்த்துங்கள். பேரிங்குக்குக் கிரீஸ் அடிக்கும்போது ஒரே நிலையில் நிறுத்தி அடிக்காமல், சிறிது சிறிதாகச் சுழற்றி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஒவ்வொரு நிலையிலும் அடியுங்கள்.

கேள்வி: பழைய ஸ்விங் மோட்டார் உள்ளே நொறுங்கியதால் புதியது போட்டோம். அதுவும் சில வாரங்களில் கசியத் தொடங்கிவிட்டது. பாகம் தரமற்றதா?

பதில்: அப்படியும் இருக்கலாம். ஆனால் நொறுங்கிய மோட்டாரின் துகள்கள் எங்கே போயின என்று முதலில் கேட்க வேண்டும். அவை டிரெயின் குழாயிலும், ரிட்டர்ன் குழாயிலும், ஆயில் கூலரிலும், டேங்கின் அடியிலும் தங்கியிருந்து புதிய மோட்டாருக்கே திரும்பி வந்திருக்கும். டேங்கை வடித்துக் கழுவி, சக்ஷன் ஸ்ட்ரெயினரைச் சுத்தம் செய்து, ஃபில்டர்கள் அனைத்தையும் மாற்றி, கூலரையும் குழாய்களையும் கழுவி, ஸ்விங் ஸ்பூலையும் ரிலீஃப் வால்வுகளையும் பிரித்துத் துடைத்தபிறகு அடுத்த மோட்டாரைப் பொருத்துங்கள். பொருத்தியபின் முதல் 50 மணி நேர ஓட்டத்தில் ரிட்டர்ன் ஃபில்டரை எடுத்து வெட்டி, மடிப்புகளை விரித்துப் பாருங்கள். அதில் உலோகம் மினுங்கினால், மறுபடியும் கழுவிவிட்டு வேலைக்கு அனுப்புங்கள்.